தாளின் பின்பக்கம்: வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை நோக்கம் பிடிபட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கியதும் முதல் வாரத்தில் நான் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்து, முன்பக்கத்தில் ‘என்ன ஆக விரும்புகிறாய்?’ என்பதற்குப் பதில் எழுதச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கலெக்டர், சி.ஏ., பேங்க் மேனேஜர், போலீஸ், சொந்தத் தொழில். (நான் எடுப்பது வணிகவியல், அதனால் டாக்டர்கள் குறைவு.) அப்புறம் தாளைத் திருப்பி ‘எதற்காக?’ என்று எழுதச் சொல்வேன். அங்கேதான் வகுப்பு அமைதியாகும். பேனா மூடியைக் கடிப்பார்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள். மணி அடிக்கும்போது பாதித் தாள்களில் பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கும்.

ஒரு வருடம் ஒரு மாணவி முன்பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, பின்பக்கத்தில் தன் வரிசை எண்ணை மட்டும் போட்டுக் கொடுத்தாள். அவளைப் பற்றி இந்தக் கட்டுரையில் பல இடங்களில் சொல்வேன். பல வருட வகுப்பறை அனுபவத்தையும், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் பிள்ளைகளோடு சாப்பிட்டுத் தூங்கிய அனுபவத்தையும் வைத்து, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் செய்துபார்க்கக்கூடிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், நோக்கம் என்றால் என்ன?

நம் ஊரில் ‘லட்சியம்’ என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வில்லியம் டேமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இன்று வந்து நாளை போகாமல் நீண்ட நாள் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கே அது முக்கியமாகப் பட வேண்டும். தன்னைத் தாண்டி வேறு யாருக்காவது, எதற்காவது அதனால் பயன் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் லட்சியங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மூன்றாவதுதான். சில வீடுகளில் இரண்டாவதும்.

‘நர்ஸ் ஆகணும்’ என்பது லட்சியம். ‘எங்க ஊர்ல இருந்து பிரசவத்துக்கு 20 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கு, அது மாறணும்’ என்பது நோக்கம். இந்த வேறுபாட்டால் என்ன லாபம் என்று கேட்டால், கட்-ஆஃப் வரும் நாளில் தெரியும். நர்சிங் சீட் கிடைக்காவிட்டால் முதல் பிள்ளைக்கு எல்லாம் முடிந்துபோனது போல இருக்கும். இரண்டாவது பிள்ளைக்கு ஆய்வகப் பணி, 108 ஆம்புலன்ஸ், கிராமச் சுகாதாரப் பணி என்று இன்னும் நான்கு வழி மிச்சமிருக்கும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் போய் வாழ்க்கை நோக்கத்தைக் கேட்காதீர்கள். அந்த வயதில் விருப்பங்கள் இருந்தால் போதும். ‘நான் யார், என்னால் யாருக்கு என்ன ஆகும்?’ என்ற கேள்வி பெரும்பாலும் 14, 15 வயதுக்கு மேல்தான் கனக்க ஆரம்பிக்கும். பலருக்கு இருபதைத் தாண்டித்தான் பதில் கிடைக்கும். 17 வயதில் தெளிவில்லாமல் இருப்பது நோய் இல்லை.

படி 1: கேள்வியை நிறுத்துங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

‘பெரியவனாகி என்ன ஆகப்போறே?’ என்று கேட்பதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்பார், பக்கத்து வீட்டு மாமி கேட்பார், அதைத் தடுக்க முடியாது. நீங்கள் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று ஒரு பட்டியல் ஊரில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும்.

பதிலுக்கு உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வேலை யாருக்கு என்ன செய்கிறது என்று தெரிந்த பிள்ளைகளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ஒருவர் வந்திருந்தார். “பையன் என் வேலைய மதிக்க மாட்டேங்கிறான் சார், போஸ்ட்ல ஏறுற வேலைங்கிறான்” என்றார். பேச்சுவாக்கில் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல். டெல்டாவில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்களை அனுப்பினார்களே, அதில் இவரும் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் படுக்கை, இடுப்பளவு சேற்றில் கம்பம் நடுவது, விழுந்த தென்னைகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே லைன் இழுப்பது. ஒரு தெருவுக்குக் கரண்ட் வந்த ராத்திரி, ஒரு அம்மா தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து, “எங்க வீட்டு வெளிச்சத்துல சாப்பிடுங்க” என்றாராம். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. இதைப் பையனிடம் சொன்னீர்களா என்றேன். “இதையெல்லாம் போய் எதுக்கு சார் சொல்லிக்கிட்டு” என்றார்.

சொல்லுங்கள். இட்லி கடையோ, கணக்கர் வேலையோ, வீட்டு வேலையோ, உங்களால் ஒருவர் நிம்மதியான ஒரு நாளையாவது சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நாங்கள் இவ்வளவு கஷ்டப்படுகிறோம், நீ என்னடா என்றால்…’ என்று முடித்தீர்களோ, அத்தனையும் வீண்.

படி 2: பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது?

டேமன் 2008ல் வெளியிட்ட ஆய்வு நூலில் அமெரிக்க இளைஞர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் தெளிவான நோக்கம் இருந்தது. கால்வாசிப் பேருக்கு எதிலும் ஒட்டுதல் இல்லை. இன்னொரு கால்வாசிப் பேர் கனவு காண்பவர்கள்: பெரிய எண்ணம் இருக்கும், அதற்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார்கள். மிச்சப் பேர் இன்று ஒன்று நாளை ஒன்று என்று தொட்டுத் தொட்டு விடுபவர்கள். அந்த எண்கள் நமக்குப் பொருந்துமா என்பதை விடுங்கள். வகைகள் அப்படியே பொருந்துகின்றன.

நம் ஊருக்கு ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். தேடிப் பார்க்காமலே முடிவெடுத்துவிட்ட பிள்ளை. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966லேயே இதை அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார். ‘நான் டாக்டர்தான்’ என்று ஏழாம் வகுப்பிலிருந்தே உறுதியாகச் சொல்லும் பிள்ளை வெளியிலிருந்து பார்க்கத் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் சுரண்டினால் அடியில் அப்பாவின் குரல் இருக்கும். பெற்றோருக்கு இந்தப் பிள்ளையால் கவலையே இருக்காது. எனக்கு இந்தப் பிள்ளையைப் பார்த்தால்தான் கவலை.

எந்த வகை என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியும். ஒட்டுதல் இல்லாத பிள்ளைக்கு அடுத்து வரும் படி 3 முக்கியம். கனவு காண்பவருக்கு படி 5. தொட்டுத் தொட்டு விடுபவரிடம் படி 4ல் அதிக நேரம் செலவழியுங்கள். முன்கூட்டியே முடிவெடுத்த பிள்ளைக்குப் படி 6. கிடைத்த பெயரைப் பிள்ளையின் முன்னால் சொல்லிவிடாதீர்கள். ‘நீ கனவு காணும் வகை’ என்று பட்டம் கட்டினால் அதையே பிடித்துக்கொள்ளும்.

படி 3: பதினைந்து நாள் நோட்டு

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தெரியாமல் பதினைந்து நாள் எழுதுங்கள். மூன்றே விஷயங்கள்தான். யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது எது? எதைப் பார்த்துக் கோபம் வந்தது? யார் எதற்காக இந்தப் பிள்ளையைத் தேடி வந்தார்கள்?

மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். எது நன்றாக வரும் என்பது பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம், அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் ‘எதுக்கும் லாயக்கில்லை’ என்று பெயர் எடுத்த பையனைத் தெருவில் எல்லோரும் மிக்ஸி ஜார் மாட்ட, கேஸ் டியூப் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள். வீட்டில் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

‘தெரியவில்லை’ என்று எழுதிய அந்த மாணவியை நான் கண்டுபிடித்தது வகுப்பில் அல்ல, ஒரு வங்கிக் கிளையில். சங்கிலியில் பேனா கட்டியிருக்கும் மேஜை உண்டே, அதன் பக்கத்தில் நின்று வரிசையாகப் பாட்டிமார்களுக்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நூறு நாள் வேலைப் பணம், முதியோர் ஓய்வூதியம். ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் வாங்கி, கணக்கு எண்ணை ஒருமுறை எழுதி, விரலை வைத்து இன்னொருமுறை சரிபார்த்தாள். ஒரு பாட்டி 500 எடுக்கச் சொன்னபோது, “ஆயா, 1,500 வந்திருக்கு, மிச்சத்த இருக்க விடவா?” என்று கேட்டாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். மறுநாள் கேட்டால், “அது சும்மா சார். பாட்டியோட போவேன், அங்க இருக்கறவங்களும் கேப்பாங்க” என்றாள்.

இந்த ‘சும்மா’ என்ற சொல் காதில் விழுந்தால் உடனே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்களுக்கு இயல்பாக வருவதை ஒரு திறமையாகவே நினைப்பதில்லை.

படி 4: பேசுங்கள், ஆனால் எதிரே உட்கார்ந்து அல்ல

‘வா, உட்கார், உன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசணும்’ என்றால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, சின்ன வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது பேசுங்கள். கைக்கு வேலை இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்காமல் இருக்க வேண்டும். நோட்டில் எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள்.

ஒரு அம்மா என்னிடம் சொன்ன உரையாடல் இது. பையன் பத்தாம் வகுப்பு.

“நேத்து எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு போன் ரிப்பேர் பண்ணிக் குடுத்தியாமே?”

“ரிப்பேர்லாம் இல்லம்மா. ஸ்டோரேஜ் ஃபுல்லு. அழிச்சுக் குடுத்தேன்.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?”

“ஒரு மணி நேரம். பேரன் போட்டோவ அழிச்சிடாதேன்னு பத்து தடவ சொன்னாரு. ஒண்ணொண்ணா காட்டிக் காட்டி அழிச்சேன்.”

“கடையில குடுத்திருந்தா?”

“கடையில மொத்தமா ரீசெட் போட்டுட்டு 300 ரூபா வாங்கிடுவாங்க. போட்டோ போனது அவருக்கு வீட்டுக்கு வந்துதான் தெரியும்.”

“அவரு திரும்பத் திரும்பக் கேட்டது உனக்குக் கடுப்பா இல்லியா?”

“அவரு கேக்கறது கடுப்பில்ல. தெரியாதவங்கள ஏமாத்தறாங்க பாரு, அதான் கடுப்பு.”

அந்த அம்மா அங்கேயே நிறுத்திக்கொண்டார். எனக்கு அதுதான் பிடித்தது. ‘அப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துடு’ என்று நாக்கு நுனி வரை வந்ததாம். அதைச் சொல்லியிருந்தால் பையன் அடுத்த முறை எதையும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குப் போன் மேல் இருந்த ஆசையைவிட, தெரியாதவர்கள் ஏமாறுவது மேல் இருந்த கோபம் பெரிது. அந்தக் கோபம் அவனைச் சட்டத்துக்கும் கொண்டுபோகலாம், நுகர்வோர் அமைப்புக்கும் கொண்டுபோகலாம், நேர்மையான ஒரு சர்வீஸ் கடைக்கும் கொண்டுபோகலாம். இப்போதே முடிவு கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

கேட்கத்தக்க கேள்விகள் சில: இதில் எந்த இடம் உனக்குப் பிடித்தது? நீ செய்யாவிட்டால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இது ஏன் இப்படி இருக்கிறது என்று நினைக்கிறாய்? உன் கையில் விட்டால் எதை முதலில் மாற்றுவாய்? ஒரு நாளைக்கு ஒன்று போதும். இப்படிப்பட்ட பேச்சுக்கே பலன் உண்டு என்பதற்கு ஆய்வு இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் வாழ்க்கை நோக்கத்தைப் பற்றி ஒரே ஒருமுறை, முக்கால் மணி நேரம் போல, ஆழமாகப் பேசிவிட்டு மாத்யூ பண்டிக் என்ற ஆய்வாளர் பல மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதன் நல்ல விளைவு தெரிந்தது. யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான்.

படி 5: ஒரு சின்ன வேலை, ஒரு நிஜ ஆள், ஆறு வாரம்

யோசித்து யோசித்து நோக்கம் வராது. கை வைக்க வேண்டும். ஆனால் ‘சமூக சேவை’ என்று பெரிதாக ஆரம்பித்தால் போட்டோ எடுத்துக்கொண்டு முடிந்துவிடும். மரம் நடும் விழாக்களில் நிறைய நின்றிருக்கிறேன். மறு வாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அதனால் நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் மூன்று: வேலை சின்னதாக இருக்க வேண்டும். அதனால் பயன்பெறும் ஒருவரின் முகம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, கிளை நூலகத்தில் சனிக்கிழமை புத்தகம் அடுக்குவது, தாத்தாவுக்குத் தெரிந்த நெல் ரகங்களையும் விதைப்பு நாட்களையும் போனில் பதிவு செய்து எழுதிவைப்பது, தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட வருபவர்களுக்குக் கூடமாட உதவுவது என்று எதுவாகவும் இருக்கலாம். 1969ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பல மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கிறது. ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது அதன் முழக்கம். அதன் ஏழு நாள் முகாமில் மூன்றாவது நாள் வரை பிள்ளைகள் கொசுக்கடியைப் பற்றித்தான் பேசுவார்கள். நான்காவது நாள் அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் பேச்சில் வர ஆரம்பிக்கும். நான் காத்திருப்பது அதற்காகத்தான்.

நம் வங்கிப் பெண்ணுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான்: பாஸ்புக்குகளில் நாமினி, அதாவது கணக்குக்காரர் இறந்தால் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் பெயர், பதிந்திருக்கிறதா என்று பார். பல பாட்டிமார்களின் பாஸ்புக்கில் அந்த இடம் காலியாக இருந்தது. நாமினி இல்லாமல் கணக்குக்காரர் இறந்துவிட்டால், அந்தக் கொஞ்சப் பணத்துக்காக வீட்டார் வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டிவரலாம். அவள் நாமினி பதிவதற்கான டி.ஏ.1 படிவத்தை வாங்கிவந்து எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். கைநாட்டு என்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று மேலாளர் திருப்பி அனுப்பிய அன்று அழுதுகொண்டு வந்தாள். அடுத்த வாரம் ஊரிலிருந்து கையெழுத்துப் போடத் தெரிந்த இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு வாரத்தில் பதினொரு பேருக்கு முடித்தாள். பதினொன்று பெரிய எண்ணா என்று கேட்காதீர்கள். அவளுக்கு அந்தப் பதினொரு பெயரும் மனப்பாடம்.

படி 6: வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர்

பெற்றோர் சொன்னால் அறிவுரை. அதையே வெளியாள் செய்து காட்டினால் அது ஒரு வாழ்க்கை. பிள்ளைக்கு ஆர்வம் தெரிகிற துறையில், பத்துப் பதினைந்து வருடமாக இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். பிரபலமானவர் வேண்டாம். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பவர் போதும்: கால்நடை ஆய்வாளர், இ-சேவை மையம் நடத்தும் அக்கா, நீதிமன்றத் தட்டச்சர், விதை சேமிக்கும் விவசாயி. பிள்ளையை மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: இந்த வேலையில் எது சலிப்பு, எந்த நாளில் விட்டுவிடலாம் என்று தோன்றியது, ஏன் விடவில்லை.

அப்பாவின் குரலில் பேசும் அந்த ஐந்தாம் வகைப் பிள்ளையை, உண்மையான ஒரு மருத்துவமனையின் இரவுப் பணியில் இருப்பவரோடு பேசவிடுங்கள். ஆசை கூடலாம், குறையலாம். இரண்டில் எது நடந்தாலும் அது பிள்ளையின் சொந்த முடிவாக இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். அந்தப் பெரியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில் நடக்க வேண்டும், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்டுக் குடையாமல் நிறுத்திவிட வேண்டும்.

படி 7: பாடத்தோடு முடிச்சுப் போடுவது

‘இதெல்லாம் சரி சார், மார்க் என்ன ஆகும்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், படிப்பதால் தனக்கும் தன்னைத் தாண்டி மற்றவர்களுக்கும் என்ன செய்ய முடியும் என்று ஒரு சின்னப் பயிற்சியில் யோசித்து எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருமுறைதான். அடுத்து வந்த மாதங்களில் கணக்கிலும் அறிவியலிலும் அவர்களின் மதிப்பெண் கூடியது. அலுப்பான பாடத்தை அலுப்பில்லாததாக யாரும் மாற்றவில்லை. அலுப்போடேயே உட்காரப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைத்தது.

வீட்டில் இதைச் செய்வது எளிது. பிள்ளைக்குப் பிடிக்காத பாடத்தின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம்: ‘இது தெரிந்தால் நான் … க்கு … செய்ய முடியும்.’ இடைவெளியைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். அந்தப் பெண் கணக்குப்பதிவியல் நோட்டில் எழுதியதைப் பார்த்தேன்: ‘இது தெரிந்தால் நான் எங்கள் குழு அம்மாக்களுக்குக் கடன் கணக்குச் சரியா என்று பார்த்துச் சொல்ல முடியும்.’ மகளிர் சுயஉதவிக் குழுவைத்தான் சொல்கிறாள். நான் நடத்திய எந்தப் பாடமும் அவளுக்கு அந்த எண்ணத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த குரூப், எந்தக் கல்லூரி என்ற கேள்வியை இதற்குப் பிறகு எடுங்கள். 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பள்ளிகளிலேயே உயர்கல்வி வழிகாட்டல் இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பிள்ளை ஒரு கேள்வியோடு போனால் அங்கே நிறையக் கிடைக்கும். வெறுங்கையோடு போனால் துண்டுப் பிரசுரங்களோடு திரும்பி வரும்.

குடும்பமே நோக்கமாக இருந்தால்

அரைத்தாளின் பின்பக்கத்தை நிரப்புகிறவர்களில் அதிகம் பேர் எழுதுவது இதுதான்: ‘அம்மாவை வேலைக்கு அனுப்பாமல் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும்.’ ‘வீடு கட்ட வேண்டும்.’ ‘தங்கையைப் படிக்க வைக்க வேண்டும்.’ இதை நோக்கத்தில் சேர்க்கலாமா, இது வெறும் கடமைதானே என்று சில பயிற்சிகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. தன்னைத் தாண்டிய ஒருவருக்காக என்பதுதானே அளவுகோல்? தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பூ கட்டும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்த அம்மாதான் முதல் உலகம். இதை ஏளனமாகப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அன்பாகத் தொடங்கியது கடனாக மாறிவிடும். ‘உன்னை நம்பித்தான் இருக்கோம்’ என்ற வாக்கியத்தை நாம் பாசத்தோடு சொல்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் அந்த வாக்கியம் பிள்ளையின் கழுத்தில் தொங்கும். முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கனம் இன்னும் அதிகம். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, கணக்கைத் திறந்து காட்டுங்கள்: வருமானம் இவ்வளவு, கடன் இவ்வளவு, இதை அடைக்கும் பொறுப்பு பெரியவர்களாகிய எங்களுடையது. தெரியாத கடன் தெரிந்த கடனைவிடப் பெரிதாக மிரட்டும். இரண்டாவது, அம்மாவை உட்கார வைத்த பிறகு என்ன செய்வாய் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ஒரு பையன், “பூ மார்க்கெட்டுல விலைய வியாபாரிங்க மட்டும் முடிவு பண்ணாம இருக்க வழி பண்ணணும் சார்” என்றான். அம்மாவில் தொடங்கி மார்க்கெட் முழுக்கப் போய்விட்டான்.

மாறினால், விட்டுவிட்டால்

மாறும். பதினாறு வயதில் கடல் ஆமைகளைக் காப்பாற்றப் போகிறேன் என்றவள் பதினேழில் டிசைன் படிக்கப் போகிறேன் என்பாள். உளவியலாளர் எரிக் எரிக்சன் இந்த வயதை ஒரு தவணைக் காலமாகப் பார்த்தார்: முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பலவற்றைப் போட்டுப் பார்க்கச் சமூகம் கொடுக்கும் அவகாசம். மாறும்போது ‘எதையும் உருப்படியா முடிக்க மாட்டியா’ என்று தொடங்காமல், பழையதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நூல் இருக்கும். ஆறு வார வேலையை மட்டும் பாதியில் விட அனுமதிக்காதீர்கள். அது சின்ன வாக்குறுதி, முடித்துவிட்டு மாறட்டும்.

இது வேறு விஷயம் என்று எப்போது தெரியும்?

எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பதெல்லாம் நோக்கக் குறைவு ஆகிவிடாது. முன்பு பிடித்த கிரிக்கெட், பாட்டு, நண்பர்கள் எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போவது, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாவது, ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்ற மாதிரிப் பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது: இவற்றைக் கண்டால் மேலே சொன்ன படிகளையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, நாள் முழுக்க இலவசம், தமிழில் பேசலாம். தமிழகத்தில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. சாகத் தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேளுங்கள், பதில் எதுவானாலும் பக்கத்தில் இருங்கள்.

தேர்வு முடிவு நாட்களில் கண்ணை இன்னும் திறந்து வையுங்கள். விக்டர் ஃபிராங்கல் என்றால் வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்து வாழ்க்கையின் பொருளைப் பற்றி எழுதியவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அதற்கு வெகு முன்பே, தன் இருபதுகளில், வியன்னாவில் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களை நடத்தினார். மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாட்களை ஒட்டி அவற்றுக்குத் தனிக் கவனம் கொடுத்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிவிட்டது, மே மாதம் வந்தால் நமக்கும் அதே நாட்கள்தான் பயம். ரிசல்ட்டுக்கு முந்தின இரவே சொல்லிவையுங்கள்: துணைத் தேர்வு இருக்கிறது, காலையில் எது வந்தாலும் மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடப் போகிறோம்.

படி 8: மறுபடியும் அரைத்தாள்

ஆறு மாதம் கழித்து அதே அரைத்தாளை மறுபடி கொடுங்கள். பழைய தாளை முதலில் காட்டாதீர்கள், எழுதி முடித்த பிறகு காட்டுங்கள். இரண்டிலும் தேதி இருக்கட்டும். மதிப்பெண் போடாதீர்கள், உறவினர்களிடம் படித்துக் காட்டாதீர்கள். பின்பக்கம் ஒரு வரி கூடியிருந்தாலும் சரி, பழைய வரியை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தாலும் சரி, அடுத்த ஆறு வார வேலையை அதிலிருந்து எடுங்கள்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடிக்கும்போது எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் ‘இன்னும் தெரியவில்லை’ என்றுதான் எழுதியிருந்தாள். பின்பக்கத்தில் பாட்டிமார்களின் பெயர்களோடு ஆரம்பித்து, வங்கியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் தமிழ்ப் படிவம் ஏன் இல்லை என்று கேட்டு, சுயஉதவிக் குழுக் கணக்கு, பேனாவைக் கட்டியிருக்கும் சங்கிலியின் நீளம் வரை போயிருந்தாள். கடைசி வரி ஓரத்தில் மடங்கி மேலே ஏறியிருந்தது. எழுந்து வந்து, “சார், இன்னொரு பேப்பர் இருக்கா?” என்று கேட்டாள்.